தறி வீட்டு ஜன்னலில் காக்கட்டான் கொடி: சிறு தொட்டியில் வளர்க்கும் முறை

கோவைக்கும் திருப்பூருக்கும் இடையிலுள்ள சோமனூர் வட்டாரத்தில் விவசாயமும் விசைத்தறியும் சேர்ந்தே நடக்கின்றன. சிறிது நிலம், அதன் ஓரத்தில் தறிக் குடோன், குடோனை ஒட்டிக் குடியிருக்கும் வீடு என்ற அமைப்பில் வாழும் குடும்பங்கள் இங்குப் பல. வாசலில் பாவு நூலும் துணி மூட்டையும் ஏறி இறங்கும். இருக்கும் மண்ணில் சோளமோ மக்காச்சோளமோ தென்னையோ நிற்கும். பூச்செடிக்கென்று தனியாக ஓர் இடம் ஒதுக்க முடிவதில்லை. இத்தகைய வீடுகளிலும் ஜன்னல் ஓரத்தில், ஆறு அங்குலத் தொட்டியில் வளர்த்துப் பூக்க வைக்கக் கூடியது காக்கட்டான் கொடி. மார்னிங் குளோரி என்ற பெயரில் விதைக் கடைகளில் கிடைப்பது இக்கொடியும் இதன் இனத்தைச் சேர்ந்த வேறு சில கொடிகளுமே.

விதை விலை மலிவு. முளைக்க வைப்பதும் எளிது. ஆனால் தறி வீடுகளில் இக்கொடியை வைப்பவர்கள் ஒரு குறையைக் காணக் கூடும். கொடி செழிப்பாகப் படரும், இலை கரும்பச்சையாக இருக்கும், பூ மட்டும் வராது. உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் உரம் இட்டால் இலைதான் பெருகும். இரவு முழுவதும் விளக்கு எரியும் இடமாக இருந்தால், குறை உரத்தில் இல்லை, விளக்கில் இருக்கிறது. இதைத் தெரிந்து கொண்டால் ஜன்னலில் பூ வரும். அத்துடன், குடோனை அடுத்த நிலத்தில் சாமந்தி நடலாமா கூடாதா என்பதையும் பணம் செலவழிக்கும் முன்பே ஓரளவு அறிந்து கொள்ளலாம்.

எந்தக் கொடி என்று அறிதல்

காக்கட்டான் என்ற பெயரைச் சிலர் சங்குப்பூக் கொடிக்கும் வழங்குவதுண்டு. இரண்டும் வேறு. சங்குப்பூ அவரை இனத்தைச் சேர்ந்தது. அதன் இலை சிறு சிறு இலைகளாகப் பிரிந்திருக்கும். காய் தட்டையான நெற்றாக இருக்கும். இங்கே கூறப்படும் காக்கட்டான் சர்க்கரைவள்ளியின் இனத்தைச் சேர்ந்தது. இதன் இலை மூன்று மடல்களாகப் பிரிந்து, மேலே மென்மையான முடிகளுடன் காணப்படும். பூ ஒலிபெருக்கிக் குழாய் போல விரியும். காய் உருண்டையாக இருக்கும். உள்ளே நான்கு முதல் ஆறு கறுப்பு விதைகள் இருக்கும்.

வயல்வெளியிலும் நீர்நிலைகளிலும் காணும் பல கொடிகள் இதற்கு உறவு. சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வள்ளைக்கீரை, கடற்கரை மணலில் படரும் அடும்பு, வேலியில் சிவப்பாகப் பூக்கும் மயில் மாணிக்கம், ஏரி குளங்களை அடைத்துக் கொள்ளும் நெய்வேலிக் காட்டாமணக்கு ஆகியவை எல்லாம் ஒரே இனம். இவற்றில் கிழங்கும் கீரையும் உணவு. நெய்வேலிக் காட்டாமணக்கு ஆடுகளுக்கு நஞ்சு. ஆகவே இனம் ஒன்று என்பதற்காக ஒன்றைப் போல மற்றொன்றை உண்ணக் கூடாது.

விதைக் கடையில் வாங்கும்போது, மூன்று மடல் இலை உடைய வகையா, இதய வடிவ இலை உடைய வகையா என்று கேட்டு வாங்குதல் நல்லது. வான நீல நிறத்தில் பெரிதாகப் பூக்கும் இதய இலை வகை மிக நீளமாக ஓடும். சிறு தொட்டிக்கு மூன்று மடல் இலை வகையே ஏற்றது. குட்டை ரகம் கிடைத்தால் மேலும் நல்லது.

ஜப்பானில் தொட்டிக் கொடி

இக்கொடியைத் தொட்டியில் வளர்ப்பதில் உலகத்திற்கே வழி காட்டியவர்கள் ஜப்பானியர்கள். எட்டாம் நூற்றாண்டை ஒட்டி இதன் விதை சீனாவிலிருந்து பேதி மருந்தாக அங்கே சென்றது. பிற்காலத்தில் பூவுக்காகவே வளர்க்கப்பட்டது. இன்று டோக்கியோ என்று வழங்கும் எடோ நகரில் 1800க்குப் பின் இரண்டு முறை இக்கொடி வளர்க்கும் மோகம் பரவியது. நெருக்கமான தெருக்களில், தோட்டம் இல்லாத வீடுகளில் வாழ்ந்த மக்கள் சிறு தொட்டிகளில் இதை வளர்த்து, விதவிதமான பூ வடிவங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். டோக்கியோவின் இரியா பகுதியில் ஆண்டுதோறும் ஜூலை 6 முதல் 8 வரை இக்கொடிக்கென்றே சந்தை கூடுகிறது. முதல் வகுப்புக் குழந்தைகள் பள்ளியில் ஆளுக்கொரு தொட்டியில் இதை வளர்ப்பதும் அங்கே வழக்கம்.

இடம் இல்லாமையே அவர்களைத் தொட்டிக்குக் கொண்டு வந்தது. சோமனூர்த் தறி வீட்டுக்கும் அதே நிலைதான்.

தொட்டியும் மண்ணும்

ஐந்து அல்லது ஆறு அங்குல வாயும் அதே அளவு ஆழமும் உள்ள தொட்டி ஒரு கொடிக்குப் போதுமானது. மண் தொட்டி, பழைய பிளாஸ்டிக் வாளி, எண்ணெய் டின் எதுவும் ஆகும். அடியில் மூன்று நான்கு துளைகள் அவசியம். துளை இல்லாத பாத்திரத்தில் வேர் அழுகி விடும். துளை மேல் ஓட்டுச் சில்லை வைத்து, அதன் மேல் ஒரு விரல் கனத்திற்குத் தேங்காய் நாரைப் பரப்ப வேண்டும்.

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மட்கிய தொழு எரு ஒரு பங்கு சேர்த்துக் கலந்து நிரப்பலாம். கரிசல் மண் மட்டும் உள்ள இடங்களில் மணலின் அளவை இரண்டு பங்காக உயர்த்த வேண்டும். எரு மட்காமல் இருந்தால் தொட்டிக்குள் சூடு உண்டாகி நாற்று கருகும். தொட்டியின் விளிம்புக்குக் கீழே ஓர் அங்குலம் காலியாக விட்டால் தண்ணீர் ஊற்ற வசதியாக இருக்கும்.

பெரிய தொட்டியும் வளமான மண்ணும் இருந்தால் நல்லதுதானே என்று எண்ணலாம். இக்கொடிக்கு அது பொருந்தாது. வேருக்கு இடமும் தழைச்சத்தும் மிகுந்தால் கொடி பத்தடி ஓடும், பூ தாமதமாகும். வேர் அடங்கி இருந்தால் கொடியும் அடங்கி, சீக்கிரம் மொட்டு வைக்கும்.

விதைப்பு

சோமனூர் வட்டாரத்தில் ஜூன் முதல் ஜனவரி வரை விதைக்கலாம். மார்ச் கடைசி முதல் மே வரை சிமெண்ட் ஷீட் கூரைக்கு அடியில் சூடு மிகுதியாக இருக்கும். அந்த நாட்களில் விதைப்பதைத் தவிர்ப்பது நலம்.

விதையின் தோல் கடினமானது. அப்படியே விதைத்தால் சில விதை ஒரு வாரத்தில் முளைக்கும், சில விதை ஒரு மாதம் கழித்து முளைக்கும், சில முளைக்காமலே கிடக்கும். ஆகவே விதையின் முதுகுப் புறத்தை உப்புத் தாளில் இலேசாகத் தேய்க்க வேண்டும். உள்ளிருக்கும் வெள்ளைப் பகுதி சற்றே தெரிந்தால் போதும். விதையின் கண் உள்ள முனையைத் தேய்க்கக் கூடாது. முளை அங்குதான் இருக்கிறது. தேய்த்த விதையை இரவு முழுவதும் தண்ணீரில் ஊற விட வேண்டும். காலையில் இரு மடங்காக உப்பிய விதைகளை விதைக்கலாம். உப்பாத விதையை மறுபடி தேய்த்து ஊற வைக்கலாம்.

அரை அங்குல ஆழத்தில், தொட்டிக்கு மூன்று விதை ஊன்ற வேண்டும். நான்கு முதல் ஏழு நாட்களில் முளை வரும். நாற்றில் இரண்டு உண்மை இலைகள் வந்ததும் நல்லதாக ஒன்றை விட்டு, மற்றவற்றைக் கத்தரியால் வெட்டி விட வேண்டும். பிடுங்கினால் நிற்கும் நாற்றின் வேரும் அசையும்.

இக்கொடி நாற்றைப் பறித்து நடுவதைத் தாங்காது. நாற்று விட்டுத்தான் நட வேண்டும் என்றால், தறிக் குடோனில் நூல் தீர்ந்தபின் மிஞ்சும் காகிதக் கோன்கள் பயன்படும். கோனின் சிறு வாயில் தேங்காய் நாரை அடைத்து, மண் கலவை நிரப்பி, ஒரு விதை ஊன்றி நிறுத்தி வைக்க வேண்டும். நாற்று மூன்று இலை விட்டதும் கோனின் பக்கத்தை மேலிருந்து கீழாகக் கத்தியால் கீறி, மண் உதிராமல் தொட்டிக்குள் இறக்கி விடலாம்.

பகல் வெளிச்சம்

நாளொன்றுக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் நேரடி வெயில் கொடிக்குத் தேவை. ஆறு மணி நேரம் கிடைத்தால் சிறப்பு. வீட்டுக்குள் வெளிச்சமாகத்தானே இருக்கிறது என்று நடு அறையில் வைத்தால் கொடி வெளிறி, கணு நீண்டு, நூல் போல மெலியும்.

கிழக்குப் பார்த்த ஜன்னல் முதல் தரம். காலை வெயில் இதமானது; பூவும் காலையில்தான் விரிந்திருக்கும். தெற்கு ஜன்னலில் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நல்ல வெயில் விழும். ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்ட் பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் இவ்வட்டாரத்தில் உச்சிக்கு வடக்கே சாய்ந்திருக்கும். அப்போது தெற்கு ஜன்னலில் வெயில் குறைந்து, வடக்கு ஜன்னலில் விழும். ஆகவே பருவத்துக்கு ஏற்பத் தொட்டியை இடம் மாற்ற வேண்டும். மேற்கு ஜன்னல் கடைசிப் பட்சமே. பிற்பகல் வெயிலில் சிறு தொட்டியின் மண் விரைவில் காய்ந்து விடும்.

இரவு இருட்டு

செடி பூப்பதற்குப் பகலின் நீளமும் இரவின் நீளமும் காரணமாக இருக்கின்றன என்பதை 1920ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்னும் இரு விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்த பயிர்கள் புகையிலையும் சோயா மொச்சையும். பின்னர் நடந்த ஆராய்ச்சிகளில் இரவின் நீளமே முக்கியம் என்பது தெளிவாயிற்று. இருட்டு தொடர்ச்சியாகக் குறிப்பிட்ட நேரம் இருந்தால்தான் சில செடிகள் மொட்டு வைக்கின்றன. இவற்றைக் குறும்பகல் செடிகள் என்பர். காக்கட்டான் அவற்றுள் பெயர் பெற்றது.

ஜப்பானிய ரகமான 'வயலட்' இதற்குச் சிறந்த சான்று. முளைத்து, இரண்டு வித்திலைகள் மட்டுமே விரிந்த நாற்றை ஒரே ஓர் இரவு 16 மணி நேரம் இருட்டில் வைத்தால், அது மொட்டு வைக்கத் தொடங்கி விடுகிறது. அதே நீண்ட இருட்டின் நடுவில் சில நிமிடம் சிவப்பு வெளிச்சம் காட்டினால் மொட்டு வருவதில்லை. இருட்டை அளப்பது இலை. இலையில் உள்ள ஒரு நிறமி வெளிச்சத்தை உணர்ந்து, இரவு முடிந்து விட்டதாக எடுத்துக் கொள்கிறது. பாதி நெய்த பாவு அறுந்ததைப் போல, எண்ணி வந்த நேரம் அங்கே அறுந்து போகிறது.

சோமனூரில் ஜூன் மாதத்தில் மிக நீண்ட பகல் சுமார் பன்னிரண்டே முக்கால் மணி நேரம். டிசம்பரில் மிகக் குறுகிய பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம். அதாவது ஆண்டு முழுவதும் இரவு பதினோரு மணி நேரத்துக்குக் குறைவதில்லை. ஜப்பானில் இக்கொடி பூக்கக் கோடைப் பகல் குறையும் வரை காத்திருக்க நேரும். இங்கே இயற்கையான இரவே கொடிக்குப் பெரும்பாலும் போதுமானது. அந்த இரவை விளக்கு கெடுக்காமல் இருந்தால் சரி.

தறி இரவு ஷிப்டு ஓடும்போது குடோனில் டியூப் லைட்டுகளோ எல்.இ.டி. விளக்குகளோ எரிந்து கொண்டே இருக்கும். அந்த வெளிச்சம் ஜன்னல் வழியாகத் தொட்டியின் மேல் விழும். கொடிக்கு அது பகலாகவே தோன்றும். ஆகவே பூப்பது தள்ளிப் போகும். சில ரகங்களில் பூவே வராது.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, குடோன் வெளிச்சமும் தெரு விளக்கும் படாத ஜன்னலைத் தேர்ந்தெடுப்பது. இரண்டாவது, மாலை ஆறு மணிக்குத் தொட்டியை இருட்டான அறைக்கு எடுத்துச் சென்று, காலை ஆறு மணிக்கு ஜன்னலுக்குக் கொண்டு வருவது. சிறு தொட்டியாக இருப்பதால் இது சிரமமில்லை. மூன்றாவது, நூல் வரும் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து மூடி வைப்பது. பெட்டியின் மூலைகளில் ஓட்டை இருந்தால் காகிதம் ஒட்ட வேண்டும். காலையில் தவறாமல் எடுத்து விட வேண்டும். வெயில் ஏறிய பின்னும் மூடிக் கிடந்தால் கொடி வெந்து விடும்.

கொடி ஐந்து ஆறு இலை விட்டது முதல் இவ்வாறு நாள் தவறாமல் செய்து வந்தால் இரண்டு மூன்று வாரங்களில் இலைக் கக்கத்தில் மொட்டு தெரியும். இடையில் ஓர் இரவு விளக்குப் பட்டதால் எல்லாம் கெட்டு விடாது. ஆனால் வழக்கமாகப் படக் கூடாது. விதைத்த ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் பூவை எதிர்பார்க்கலாம்.

பூ விரிவதற்கும் இருட்டுத் தேவை. இருட்டத் தொடங்கி ஏறக்குறைய பத்து மணி நேரத்தில் மொட்டு அவிழும். இரவு ஷிப்டு முடித்து வெளியே வருபவர்கள் காணும் நேரத்தில் பூ முழுமையாக விரிந்திருக்கும். வெயில் ஏறும்போது சுருங்கி விடும். ஒரு பூவின் வாழ்நாள் ஒரு காலைப் பொழுது மட்டுமே. மறுநாள் அடுத்த மொட்டு அவிழும்.

நுனி கிள்ளுதலும் கொடி சுற்றுதலும்

ஆறு இலைகள் வந்ததும் நுனியைக் கிள்ளி விட வேண்டும். கீழ்க் கணுக்களிலிருந்து இரண்டு மூன்று பக்கக் கிளைகள் வரும். இவற்றை மட்டும் வளர விட்டால் இரண்டடி உயரத்திற்குள் கொடியை அடக்கலாம்.

தொட்டியின் விளிம்பை ஒட்டி இரண்டடி உயர மூங்கில் குச்சிகள் மூன்றை ஊன்றி, கம்பி வளையங்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டினால் கூண்டு போல் அமையும். ஜப்பானியர் இம்முறையையே கையாள்கின்றனர். கம்பிக்குப் பதில் கழிவு நூலைப் பல இழையாக முறுக்கியும் கட்டலாம். பருத்தி நூல் சொரசொரப்பாக இருப்பதால் கொடி நன்கு பற்றும். வழுக்கும் பாலியெஸ்டர் நூல் அவ்வளவு ஏற்றதல்ல.

கொடியைக் கையால் சுற்றி விடும்போது திசையைக் கவனிக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில்தான் இக்கொடி சுற்றும். மாற்றிச் சுற்றி விட்டால் அதுவே பிரிந்து விழுந்து, மறுபடி தன் திசையில் ஏறும். மதியத்திற்குப் பின் கொடி சற்றுத் துவண்டிருக்கும். அப்போது சுற்றினால் ஒடியாது.

தண்ணீரும் உரமும்

சிறு தொட்டி விரைவில் காயும். மேல் மண் அரை அங்குலம் காய்ந்ததும் தண்ணீர் ஊற்ற வேண்டும். வெயில் காலத்தில் தினமும் ஒரு முறை, சில நாள் இரு முறையும் தேவைப்படலாம். ஊற்றும் தண்ணீர் அடித் துளையில் சற்று வடியும் வரை ஊற்றுவது முறை. தட்டில் தேங்கிய நீரைக் கொட்டி விட வேண்டும்.

போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்களில் இன்னொரு கவனமும் தேவை. தண்ணீர் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் பூச்சுப் படிவதும், இலை ஓரம் கருகுவதும் இதன் அறிகுறி. அவ்வாறு கண்டால் தொட்டியின் கொள்ளளவைப் போல் இரு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடிய விட வேண்டும். வடகிழக்குப் பருவ மழையில் கூரைத் தண்ணீரைச் சேமித்து வைத்து வாரம் ஒரு முறை ஊற்றினாலும் உப்புக் குறையும்.

மாதம் ஒரு முறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் இட்டால் போதுமானது. யூரியா இடவே கூடாது. இலை நல்ல பச்சையாக இருக்கும்போது எந்த உரமும் வேண்டியதில்லை.

பஞ்சுத் தூசியும் பூச்சியும்

தறி வீட்டில் பஞ்சுத் தூசி இலையின் மேல் படியும். இக்கொடியின் இலையில் முடி இருப்பதால் தூசி எளிதில் ஒட்டிக் கொள்ளும். வெளிச்சம் மறைந்து இலை சோர்வடையும். வாரம் இரு முறை காலையில் தண்ணீர் தெளித்துக் கழுவி விட வேண்டும். வறண்ட காற்றில் செஞ்சிலந்தி தாக்கும். இலையின் அடியில் மெல்லிய நூலாம்படையும், மேலே மஞ்சள் புள்ளிகளும் தெரிந்தால் அதுவே. இலை அடியைக் கழுவி வந்தாலே பெரும்பாலும் அடங்கும். அசுவினியும் வெள்ளை ஈயும் மிகுந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 மில்லி லிட்டர் வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். வீட்டுக்குள் வைக்கும் தொட்டிக்கு இதற்கு மேல் கடுமையான பூச்சி மருந்து வேண்டாம்.

சாமந்திக்கு முன் தொட்டிச் சோதனை

சாமந்தியும் ஒரு குறும்பகல் பயிர். தமிழ்நாட்டில் ஜூன், ஜூலையில் நட்டு, பண்டிகைகளும் முகூர்த்தங்களும் வரும் மாதங்களில் பூ எடுப்பது வழக்கம். பூ சில வாரம் தள்ளிப் போனாலும் விலை கிடைக்கும் நாட்கள் கை நழுவி விடும். பசுமைக் குடில்களில் சாமந்தி பூப்பதைத் தள்ளிப் போட விரும்புபவர்கள், வேண்டுமென்றே நடு இரவில் சில மணி நேரம் விளக்கு எரிக்கிறார்கள். குடோன் விளக்கு அதே வேலையை விவசாயி கேட்காமலே செய்து விடும். பாத்தியில் ஒரு பக்கம் பூத்து, குடோன் ஓரம் மட்டும் பச்சையாக நின்றால் நோயைத் தேடும் முன் விளக்கைப் பார்க்க வேண்டும்.

குடோனை அடுத்த துண்டு நிலத்தில் சாமந்தி நட எண்ணுபவர்கள், முதல் ஆண்டு காக்கட்டான் தொட்டிகளை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். மூன்று மடல் இலை வகையை ஒரே நாளில், ஒரே மண் கலவையில், ஒரே அளவுள்ள எட்டுத் தொட்டிகளில் விதைக்க வேண்டும். இரண்டைக் குடோன் ஜன்னலிலிருந்து பத்தடி தூரத்திலும், இரண்டை இருபதடியிலும், இரண்டை நாற்பதடியிலும் நிலத்தில் வைக்க வேண்டும். மீதி இரண்டை இரவில் எந்த விளக்கும் படாத, ஆனால் பகலில் அதே அளவு வெயில் உள்ள இடத்தில் வைக்க வேண்டும். தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. உரம் எதற்கும் வேண்டாம்.

எட்டு வாரத்தில் விடை தெரியும். இருட்டில் இருந்த தொட்டி மொட்டு வைத்து, பத்தடித் தொட்டி வைக்காமல் இருந்தால் அந்தத் தூரம் வரை விளக்கின் பாதிப்பு உண்டு. இருபதடியில் பூத்து விட்டால் பாதிப்பு அதற்குள் முடிகிறது என்று கொள்ளலாம். சாமந்திக்குத் தேவையான இருட்டு காக்கட்டானுக்குத் தேவையான அளவேதான் என்று சொல்ல இயலாது; ரகத்துக்கு ரகமும் மாறும். ஆகவே சோதனையில் கண்ட தூரத்திற்கு மேல் இன்னும் சில அடி விட்டு நடுவது பாதுகாப்பு. எட்டுத் தொட்டிக்கு ஆகும் செலவு, பூ வராத பாத்திக்கு ஆகும் நாற்று, உழவு, கூலிச் செலவில் சிறு பகுதியே.

பாதிப்பு உள்ள இடத்தைத் தரிசாக விட வேண்டியதில்லை. தக்காளி பூப்பதற்கு இரவின் நீளத்தைப் பார்ப்பதில்லை. அதை அங்கே நடலாம். செண்டுமல்லியில் ஆப்பிரிக்க வகைக்குக் குறும்பகல் ஓரளவு உதவும். எனவே அதையும் விளக்கிலிருந்து தள்ளி வைப்பதே மேல். குடோன் ஜன்னலில் தடித்த சாக்குத் திரை தொங்க விடுவதாலும், வெளி விளக்குக்கு மேல் மூடி போட்டு வெளிச்சத்தைக் கீழ் நோக்கித் திருப்புவதாலும் நிலத்தில் விழும் வெளிச்சம் வெகுவாகக் குறையும்.

எச்சரிக்கை

காக்கட்டான் விதை கடும் பேதி மருந்து. வடநாட்டில் 'காலாதானா' என்ற பெயரில் விற்கப்பட்ட இது, ஆங்கிலேயர் காலத்தில் ஜாலப் என்ற மெக்சிகோ நாட்டு மருந்துக்கு மாற்றாகக் கருதப்பட்டது. குழந்தைகள் தின்றால் வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். வான நீலப் பூ வகையின் விதையில் மனத்தைக் குழப்பும் பொருளும் உண்டு. ஆகவே விதையைப் பருப்பு, மிளகு டப்பாக்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. தவறித் தின்று விட்டால் கை வைத்தியம் பார்க்காமல், மீதி விதையையும் எடுத்துக் கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சங்குப்பூவைக் கொதிக்க வைத்துக் குடிக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. நீலமாக இருக்கிறது என்பதற்காகக் காக்கட்டான் பூவை அவ்வாறு பயன்படுத்தக் கூடாது. வெட்டிய கொடியை ஆடு மாடுகளுக்குப் போடுவதும் வேண்டாம்.

கொடியைத் தொட்டியிலிருந்து வயலுக்கு இறங்க விடக் கூடாது. விதை கடினமானதால் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடந்து, ஆண்டுக்குச் சிலவாக முளைக்கும். அமெரிக்காவில் பருத்தி, சோயா வயல்களில் இந்த இனக் கொடிகள் பெரும் களைகளாக உள்ளன. மக்காச்சோளத்தில் ஏறினால் தட்டையோடு பின்னிக் கொண்டு அறுவடையைத் தடுக்கும். பூ முடிந்த நான்கு ஐந்து வாரங்களில் காய் பழுப்பாகும். அது வெடிக்கும் முன் பறித்து விட வேண்டும். அடுத்த முறைக்கு வேண்டிய விதையை எடுத்துக் காகித உறையில் பெயரும் மாதமும் எழுதி, உயரத்தில் வைக்க வேண்டும். மிஞ்சிய காயை எருக் குழியில் போடாமல் எரித்து விட வேண்டும். நிலத்தில் சோதனை வைப்பவர்கள் பூத்து முடிந்ததும் தொட்டிகளை வீட்டுக்கு எடுத்து வந்து விடுவது அவசியம்.

சுருக்கமாக

ஆறு அங்குலத் தொட்டி, அளவான எரு, தேய்த்து ஊற வைத்த விதை, காலை வெயில், நுனி கிள்ளுதல் ஆகியவை கொடியை வளர்க்கும். அதைப் பூக்க வைப்பது இடையூறு இல்லாத இரவு. இலை செழித்து மொட்டு வராத தொட்டியைக் கண்டால், உரப் பையை எடுக்கும் முன் இரவு பத்து மணிக்கு அந்த ஜன்னலருகே சென்று பார்க்க வேண்டும். தொட்டியின் நிழல் சுவரில் தெரியும் அளவுக்கு வெளிச்சம் இருந்தால், அன்று இரவே தொட்டியை இடம் மாற்றலாம். வயலில் நட்ட பாத்தியை அவ்வாறு இடம் மாற்ற முடியாது. ஆகவே இரவில் அந்தத் துண்டு நிலத்தையும் ஒரு முறை சுற்றிப் பார்த்து விட்டு, அதன் பிறகு சாமந்தி நாற்றுக்கு ஏற்பாடு செய்வது நல்லது.